உச்சிமாகாளி லைனில் இருக்கிறார்

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் தம்பி. அங்கே இல்லை, எனக்கு வலது பக்கம். இடது காது கேட்காது. அந்தப் பக்கம் இருந்துகொண்டு நீங்கள் எதைச் சொன்னாலும் நான் தலையாட்டிவிடுவேன். கல்யாணச் செய்தி சொன்னீர்களா, காரியச் செய்தி சொன்னீர்களா என்று பிறகு எனக்கே தெரியாது.

காது டாக்டரிடம்தானே வந்திருக்கிறீர்கள்? உங்கள் மாமனார் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன். பூச்சியா? தேங்காயெண்ணெய் விட்டிருப்பீர்கள். எல்லோரும் விடுவார்கள். பூச்சி இப்போது எண்ணெய்க் குளியல் போட்டுக்கொண்டிருக்கும். கவலைப்படாதீர்கள், எடுத்துவிடுவார்கள். பூச்சியெல்லாம் சுலபம்.

உள்ளே என் மகன் பாரியும் இருக்கிறான். அவனுக்கு வலது காது. கூடவே ஏட்டையாவும் போயிருக்கிறார், பார்த்தீர்களா? இந்த ஆஸ்பத்திரியில் அது வழக்கம். ரத்தக் காயத்தோடு யார் வந்தாலும், தானாக விழுந்தாரா, யாராவது அடித்தார்களா என்று ஒரு போலீஸ்காரர் கேட்டு எழுதிக்கொள்வார். விழுந்தேன் என்று பாரி சொன்னால் நான் வீட்டுக்குப் போவேன். வேறு எதையாவது சொன்னால் எங்கே போவேன் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. என்ன சொல்வான் என்று தெரியவில்லை தம்பி. அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதோ, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பெஞ்சில் இருப்பவள் என் மனைவி ஆவுடையம்மாள். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பவர்கள்மேல் எனக்குக் குறை கிடையாது. நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே சம்பளம் வாங்கியவன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரன் இல்லை. கோபக்காரன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்ந்திருக்கிறேன்.

என் பெயர் குற்றாலிங்கம். உ. குற்றாலிங்கம். அந்த உனா வெறும் ஓர் எழுத்து. அது எழுத்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நான் இவ்வளவு நாள் பாடுபட்டேன். வடக்கே இருப்பவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு ஏது? தகப்பன் பெயரின் தலையெழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். நூலகத்தில் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் எடுத்த முதல் பாடமே இதுதான். 'முன்னால் நிற்கிற எழுத்து வாசல்படி. ஆள் உள்ளே இருக்கிறான். படியைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைக்காதே.'

வரி ஆபீஸ் அதைத்தான் செய்தது. பான் கார்டுக்கு எழுதிப் போடும்போது, கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம், அதைக் காலியாக விடக் கூடாதாம். எழுதிக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் என் உனாவைப் பிரித்து முழுசாக எழுதிவிட்டார். உச்சிமாகாளி. அன்றிலிருந்து அந்த ஆபீசுக்கு நான் குற்றாலிங்கம் இல்லை. செல்போனில் செய்தி வந்தால், 'அன்புள்ள உச்சிமாகாளி' என்று வரும். அன்பும் உச்சிமாகாளியும் ஒரே வரியில் அடுத்தடுத்து நின்றதை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

உச்சிமாகாளி என் தகப்பனார். வண்ணாரப்பேட்டையில் விறகுக்கடை. அம்மாவை அடிப்பதற்கு என்றே ஒரு வேலங்கட்டையைத் தனியாக எடுத்துவைத்திருந்தார். விற்பனைக்கு இல்லை அது. எனக்குக் கையே போதும். ஒரு நாள் கடையில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார். நான் தராசுக்குப் பின்னால் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். எவனோ ஒரு கட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. அடித்தார்.

உள்ளங்கையைக் குழித்து அடிப்பார் தம்பி. அதுதான் விஷயம். தட்டையாக அடித்தால் கன்னம் சிவக்கும், அவ்வளவுதான். குழித்து அடித்தால் கைக்குள் சிக்கிய காற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. காதுக்குள் பாய்ந்து சவ்வைக் கிழிக்கும். இதை நான் பிற்பாடு ஒரு மருத்துவக் களஞ்சியத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்.

இதே ஆஸ்பத்திரிதான். அப்போது ஓட்டுக் கட்டடம். வழியெல்லாம், 'ஊஞ்சல்ல இருந்து விழுந்தேன்னு சொல்லணும், என்னல? மாத்திச் சொன்னே, மத்தக் காதும் போயிரும்' என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியே சொன்னேன். எங்கள் வீட்டில் ஊஞ்சலே கிடையாது. நான் உள்ளே ரத்தத்தோடு படுத்திருக்கிறேன், இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் குரல் உள்ளே வந்தது. பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது வெளியே இருந்து ஊர்க்கதை பேச ஒரு மனுஷனுக்கு எப்படி வாய் வரும்? நீங்களே சொல்லுங்கள்.

கடைசிக் காலத்தில் என்னிடம்தான் கிடந்தார். நான் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வார்த்தை. சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன். கை எட்டினால் சாப்பிடட்டும், உடம்புக்கும் ஓர் அசைவு வேண்டாமா? அவ்வளவுதான். செத்தார். எரித்தேன். விறகு நானே தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் பெயர்தான் எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. பொறுத்துக்கொண்டேன். இந்த ஆனி மாதம் புதிதாக ஒரு செய்தி. ஆதாரில் ஒரு பெயர், பானில் ஒரு பெயர், இரண்டும் ஒத்துப்போகவில்லை, சரிசெய்யாவிட்டால் கார்டு செல்லாது என்று. பாரி படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது ஒண்ணுமில்லப்பா. ஆதார்ல தாத்தா பேரை முழுசாப் போட்டுட்டா முடிஞ்சுது. இ-சேவை மையத்துல கொஞ்ச நேர வேலை."

"அந்தப் பெயரை அங்கே எடுக்கச் சொல்வேனே தவிர, இங்கே சேர்க்க மாட்டேன்" என்றேன்.

"பேருதானப்பா."

பேருதானாம். கையில் இருந்த கண்ணாடி டம்ளரை எறிந்தேன். அவன்மேல் இல்லை தம்பி, சுவர்மேல். சுவர் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆவுடை சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா வந்துட்டாவ" என்றாள்.

இது ஒரு வேடிக்கை. மாமா என்றால் என் தகப்பனார். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. இவளுக்கு வயதாகிறது இல்லையா, வீட்டில் ஏதாவது சத்தமாக விழுந்தால் உடனே அவர் ஞாபகம் வந்துவிடுகிறது. 'மாமா வந்துட்டாவ' என்று முனகிக்கொண்டே துடைப்பத்தை எடுப்பாள். நான் திருத்துவதில்லை.

சரி, பெயரை எடுக்க யாரிடம் சொல்வது? ஒரு போன் நம்பர் இருந்தது. அழைத்தேன். ஒரு பெண் வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும். ஒன்பது வரைக்கும் போனது. இயந்திரம் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நல்ல குரல், அதுதான் காரணம்.

உலகத்து அறிவையெல்லாம் பத்து வகுப்புக்குள் அடைத்து அலமாரியில் ஏற்றிய கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். வகை பிரிப்பதில் எனக்கு மரியாதை உண்டு. எந்த வகைப்பாட்டிலும் 'இதர' என்று ஓர் இடம் இருக்க வேண்டும். உலகத்தில் பெரும்பகுதி இதரதான். அந்த அம்மாளிடம் அது இல்லை. வரி கட்டியவன், கட்டாதவன், கார்டைத் தொலைத்தவன், எல்லோருக்கும் எண் இருந்தது. உயிருள்ள ஒரு மனிதரோடு பேச வேண்டும் என்பவனுக்கு எண் இல்லை. ஒன்பதை அழுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து வணக்கம்.

பாரிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். எதையும் அழுத்தாமல் சும்மா இருந்தால், சலித்துப்போய் அந்த இயந்திரமே ஆளிடம் அனுப்பிவிடுமாம். இருந்தேன். நாதஸ்வரம் மாதிரி ஒரு சங்கீதம் வந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்.' மறுபடி சங்கீதம். மறுபடி முக்கியமானது. பிறகு டொக் என்று அறுந்துவிடும். தினமும் காலை ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குக் குளித்து, திருநீறு பூசி, வலது காதில் போனை வைத்துக்கொண்டு உட்காருவேன். கூடத்தில் யாரும் பேசக் கூடாது. ஃபேன் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. இருக்கிறது ஒரே காது தம்பி, நான் என்ன செய்வேன்?

ஒரு நாள் சங்கீதம் சட்டென்று நின்றது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். நான் எழுந்தே நின்றுவிட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து இவள் மிக்சியைப் போட்டாள். துவையல். "ஆவுடை!" என்று கத்தினேன். மிக்சிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் போய் அந்த ஜாரைப் பிடுங்கி வீசினேன். ஜன்னல் பக்கம்தான் வீசினேன். அவள் ஏன் அந்தப் பக்கம் குனிய வேண்டும்? நெற்றியில் மூன்றே மூன்று தையல். அதோ, திரும்பினால் தெரியும். திரும்ப மாட்டாள். தரையில் உட்கார்ந்து, முகமெல்லாம் ரத்தமும் துவையலுமாக, "மாமா வந்துட்டாவ, மாமா வந்துட்டாவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாவம். அவளுக்கும் அவர் கொஞ்சமாகவா செய்தார்? மருமகள் என்றுகூடப் பார்த்ததில்லை.

நான் திரும்பி வந்து போனை எடுத்தால் லைன் போயிருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, நேரிலேயே போய்விடுவோம் என்று நம் ஊர் ஆபீசுக்கே போனேன். வாசலில் ஒரு காவலாளி. பட்டாளத்தில் இருந்தவர், மீசையைப் பார்த்தாலே தெரியும்.

"பேரு மாத்துத வேலை இங்க இல்ல பெரியவரே. சுவர்ல நம்பர் போட்டிருக்கு, போன் பண்ணுங்க."

"போனில் ஆள் இல்லை ஐயா."

"இங்கயும் இல்ல. போன்லதான் ஆள் உண்டு."

"நீங்கள் ஆள் இல்லையா?"

"நான் செக்யூரிட்டி."

நியாயமான பதில், எனக்குப் பிடித்திருந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். என் கையிலிருந்த கார்டை வாங்கிக் கண்ணைச் சுருக்கி வாசித்தார். "உச்சிமாகாளி. அடேயப்பா, வீரமான பேருல்லா! ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று சிரித்தார்.

குடையால் அடித்தேன். தோளில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, மூன்றாவதில் குடை முறிந்துவிட்டது. அவர் என் கையை முதுகுப் பக்கம் முறுக்கிக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, முறிந்த குடையையும் பொறுக்கிக் கொடுத்தார். "கம்பிதான் ஒடிஞ்சிருக்கு பெரியவரே, கோவம் ஒடியலையே. வீட்டுல பொம்பளைப் பிள்ளைய இருக்கா?" என்றார். எதற்குக் கேட்டார் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஏன் தள்ளி உட்காருகிறீர்கள்? அந்தப் பக்கம் வெயில் படும்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல உட்கார்ந்தேன். சங்கீதம், முக்கியமானது, சங்கீதம், முக்கியமானது. திடீரென்று ஓர் இருமல்.

இயந்திரம் இருமாது தம்பி. உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்துவிட்டது.

"வணக்கம், என் பேரு மெர்லின். லைன் நடுவுல கட்டானா நாங்களே திரும்பக் கூப்பிடுவோம். சொல்லுங்க, உச்சிமாகாளி சார்."

சின்னப் பெண். நம் பக்கத்துப் பேச்சு. எத்தனை நாள் தவம் இருந்து கிடைத்த குரல், அது எடுத்த எடுப்பில் அந்தப் பெயரைச் சொல்லுகிறது. நான் ஒன்றும் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன்.

"உச்சிமாகாளி செத்துப்போய்விட்டார் அம்மா."

"ஐயோ. ரொம்ப வருத்தமா இருக்கு சார். நீங்க அவங்களுக்கு?"

"மகன்."

"எப்ப தவறினாங்க?"

தேதியைச் சொன்னேன். அந்தத் தேதி எனக்கு மறக்காது, அன்றைக்கு வீட்டில் பாயசம்.

"அந்தப் பெயரை உங்கள் பதிவிலிருந்து எடுக்க முடியுமா அம்மா?"

"கண்டிப்பா சார். இறந்துட்டாங்கன்னு குறிச்சுட்டா, அந்தப் பேரு இனிமே எதுக்கும் வராது."

அந்தப் பேரு இனிமே எதுக்கும் வராது. இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று ஆயுள் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். அவள் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

பாரி பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். வாயெல்லாம் நுரை. "அப்பா, என்ன பண்ணுதிய? அது உங்க கார்டுப்பா! அதுல இறந்துட்டாருன்னு போட்டா, இறந்தது நீங்க! பென்ஷன் நிக்கும், பேங்க் நிக்கும்..."

"நிற்கட்டும்" என்றேன்.

"போனைக் குடுங்கப்பா!"

கொடுக்கவில்லை. வலது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். கொண்டுவந்து சொல்கிறான்:

"மேடம், எதையும் குறிச்சிராதீங்க. உச்சிமாகாளி உயிரோடதான் இருக்காங்க. இந்தா, எம் பக்கத்துலதான் நிக்காங்க."

என்னைக் கையால் காட்டி, தம்பி. என்னைக் காட்டிச் சொன்னான்.

அடித்தேன். இடது கையால்தான். சுவரில் முட்டிக் கீழே விழுந்தான். பல்லில் ரத்தம், நுரையெல்லாம் சிவப்பாகிவிட்டது. தூக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவன் முகத்தை மறைத்துக்கொண்டான். பெற்ற தகப்பன் கையை நீட்டினால் ஒரு பிள்ளை முகத்தை மறைப்பானா? அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. அதனால் இரண்டாவது. அதன்பிறகு இரண்டு மூன்று. காலால் ஒன்று.

போனுக்குள்ளிருந்து அந்தப் பெண், "சார்? சார்? அங்க என்ன சத்தம்? யாரை அடிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒன்றுமில்லை அம்மா, கொஞ்சம் லைனில் காத்திருங்கள்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பிறகு பார்த்தால் லைன் இல்லை.

பாரியின் காதிலிருந்து நூல் மாதிரி ரத்தம் வந்தது. ஆவுடை துண்டை வைத்துக் கட்டினாள். மாமா வந்துட்டாவ என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கு அவள் அதைச் சொல்லியே தொலைத்திருக்கலாம்.

என்ன பார்க்கிறீர்கள்? நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. கேள்விப்பட்டால் உறவினர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். அது தவறான ஒப்பீடு தம்பி. அவர் அடித்தது வலது கையால், நான் அடித்தது இடது கையால். அங்கே போனது இடது காது, இது வலது காது. அவர் அடித்தது ஒரு விறகுக் கட்டுக்காக, நான் அடித்தது ஒரு கொள்கைக்காக. இரண்டையும் எப்படி ஒரே அலமாரியில் வைப்பது?

கை குழிந்திருந்ததா என்று கேட்கிறீர்களா? அதை நான் கவனிக்கவில்லை.

பாரிக்கு அடுத்த வாரம் ரயில்வேயில் மெடிக்கல். எஞ்சின் ஓட்டுகிற வேலை. பரீட்சையெல்லாம் தேறிவிட்டான், கண்ணும் காதும் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. நான்கு வருஷமாக மொட்டைமாடியில் இருந்து படித்தான், கூடத்தில் சத்தம் கூடாது என்று நான் எப்போதுமே சொல்வதால். ஒரு காது போதாதா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். எனக்குப் போதவில்லையா? ஒரு நூலகத்தையே நடத்தினேன்.

ஆட்டோவில் வரும்போது அவன் காதருகில் குனிந்து சொன்னேன். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு பாரி.' மிரட்டவில்லை. ஆலோசனை. எங்கள் வீட்டில் பாத்ரூம் உண்டு, ஆகையால் நம்பும்படியும் இருக்கும். அவன் பதில் பேசவில்லை. இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் யோசிக்கிறேன். ஆட்டோவில் நான் அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காதில்தான் சொல்லியிருக்கிறேன். கேட்டிருக்குமா?

கேட்டிருக்காது, இல்லையா?

இருங்கள், போன் அடிக்கிறது. யார் இந்த நேரத்தில்... நம்பரைப் பாருங்கள் தம்பி, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். அந்த நம்பரா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அதேதானா?

ஹலோ. வணக்கம் அம்மா. ஆமாம், மெர்லின்தானே? இருமல் எப்படி இருக்கிறது? ... ஆமாம், காலையில் பேசினோம். பாதியில் நின்றுவிட்டது. ... ஆமாம் அம்மா, அந்தப் பையன் அப்படிச் சொன்னான். நான் இப்படிச் சொன்னேன். எதைக் குறிப்பது என்று உங்களுக்குக் குழப்பம், நியாயம்தான். இறந்தவரா, உயிரோடு இருப்பவரா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? சொல்கிறேன், நான் சொல்கிறேன்...

கதவு திறக்கிறது தம்பி. ஏட்டையா வெளியே வருகிறார்.

என்ன ஐயா? என்னையா? நான்தான் அந்தப் பையனுடைய தகப்பன். என்ன சொன்னான்? விழுந்தேன் என்று சொன்னானா? ... இல்லையா. யாரோ அடித்தார்கள் என்றானா? யார் என்று சொன்னான்?

... உச்சிமாகாளியா?

அந்தப் பெயரா சொன்னான்? வேறு ஒன்றும் சொல்லவில்லையா? அப்பா என்று, குற்றாலிங்கம் என்று?... உச்சிமாகாளி, அவ்வளவுதானா.

பார்த்தீர்களா தம்பி, எப்படிப்பட்ட பிள்ளை! பொய்யும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. என் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறான். செத்தவன்மேல் எந்தச் சட்டத்திலும் வழக்குப் போட முடியாது. இறப்புச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, நகராட்சி முத்திரையோடு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் போனிலும் முடிந்தது, அங்கேயும் முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

சொல்கிறேன் ஐயா, ஒரு நிமிஷம். உச்சிமாகாளி என்பவர் எங்கள் வீட்டில் இருந்தவர்தான். அவர் காலமாகி...

அதோ பாரி. வாசலில் வந்து நிற்கிறான். தலையைச் சுற்றிக் கட்டு. நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிறான். இல்லை, பார்க்கவில்லை. முகத்தைத் திருப்புகிறான். எதற்குத் திருப்புகிறான்? என்மேல் வெறுப்பிலா?

வெறுப்பில் இல்லை தம்பி. இடது காதை இந்தப் பக்கம் கொண்டுவருகிறான். கேட்பதற்காக. நான் அப்படித்தான் திருப்புவேன். பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பந்தலில், அம்மாவின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில்... அப்படித்தான் திருப்பிக்கொண்டு நின்றேன்.

ஐயா. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. உச்சிமாகாளி சாகவில்லை. நான்தான் உச்சிமாகாளி.

ஆமாம். இந்தக் கையால்தான்.

வருகிறேன் ஐயா, பிடிக்க வேண்டாம், நானே வருகிறேன். தம்பி, இந்தப் போனைக் கொஞ்சம் பிடியுங்கள். அந்தப் பெண் இன்னும் அந்த முனையில் இருக்கிறாள், நல்ல பெண், வைத்துவிட மாட்டாள். உச்சிமாகாளி உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லுங்கள். போலீஸ் கூப்பிட்டது, போயிருக்கிறார் என்று சொல்லுங்கள். வருகிற வரைக்கும் லைனில் காத்திருக்கச் சொல்லுங்கள் தம்பி. இடது காதில் வைக்காதீர்கள், ஒன்றும்... ஓ, உங்களுக்குக் கேட்கும். உங்களுக்கு இரண்டும் கேட்கும்.